வர்க்கியும் டீயும் கேட்கிற அப்பாவுக்கு

கேட்கப்பட்டது இதுதான். அப்பாவுக்கு 66 வயது, வீடு கோத்தகிரியில். பெருங்குடலில் புற்றுநோய், ஆபரேஷன் முடிந்து கோவையில் மூன்று வாரத்துக்கு ஒரு முறை ஆக்ஸாலிபிளாட்டின் என்கிற கீமோ மருந்தை ஏற்றுகிறார்கள், வீட்டில் கேபசைட்டபின் என்கிற கீமோ மாத்திரை. நான்கு சுற்று ஆகிவிட்டது. 58 கிலோ இருந்தவர் இப்போது 52. சத்து மாவு, புரோட்டீன் பவுடர், மாதுளை ஜூஸ் எதையும் தொடுவதில்லை. ரசஞ்சாதம் இரண்டு வாய், டீயில் நனைத்த வர்க்கி (நம் நீலகிரி பேக்கரிகளில் சுடும் மொறுமொறு பிஸ்கட்), அவ்வளவுதான். மைதாவையும் டால்டாவையும் கேன்சர்காரருக்குக் கொடுக்கலாமா என்று வீட்டில் தினமும் சண்டை.

கொடுங்கள் தம்பி. இன்று சாயங்காலமே கொடுங்கள். சண்டை அதோடு பாதி தீரும். மீதிப் பாதிக்குத்தான் இவ்வளவு நீளமாக எழுதுகிறேன்.

நான் முப்பத்தொரு வருஷம் நர்ஸாக இருந்தவள். கடைசி ஒன்பது வருஷம் வீடு வீடாகப் போய்ப் படுத்த படுக்கையாக இருப்பவர்களைப் பார்க்கிற வேலை. எந்தத் திருப்பத்தில் ஜீப் நிற்கும், எந்தத் தோட்டத் தொழிலாளர் லயத்துக்கு நடந்துதான் இறங்கணும் என்பதெல்லாம் காலுக்கே தெரியும். டாக்டரும் இல்லை, டயட்டீஷியனும் இல்லை. ஆனால் “வேண்டாம்” என்று முகத்தைத் திருப்பிக்கொள்கிறவருக்கு எதிரில் கிண்ணத்தோடு நிறைய நேரம் உட்கார்ந்திருக்கிறேன்.

முதலில் வர்க்கிக் கணக்கை முடித்துவிடுவோம். மைதா, கொழுப்பு, கொஞ்சம் சர்க்கரை. நல்லா இருக்கிற நாற்பது வயதுக்காரர் தினம் நாலு தின்றால் நானே திட்டுவேன். உங்கள் அப்பா உடம்பில் பத்தில் ஒரு பங்கு கரைந்திருக்கிறது. கொழுப்பு ஒரு கிராமுக்கு 9 கலோரி, மாவு 4 கலோரி. நாலு விரல் அகல வர்க்கிக்குள் அவ்வளவு அடங்கியிருக்கிறது. இரண்டு வர்க்கி, ஒரு டம்ளர் வெறுங்கஞ்சியைவிடக் கூடுதலாகவே தெம்பு தரும். டால்டா பயம் பொய்யில்லை. ஆனால் 2022 ஜனவரியிலிருந்து எண்ணெயிலும் வனஸ்பதியிலும் டிரான்ஸ் கொழுப்பு 2 சதவீதத்தைத் தாண்டக்கூடாது என்று விதியே வந்துவிட்டது. தவிர, அது இதயத்துக்குச் செய்கிற கெடுதல் பல வருஷக் கணக்கு. எடை இறங்குவது இந்த மாசக் கணக்கு. எதை முதலில் பார்ப்பது என்று நீங்களே யோசியுங்கள்.

இன்னொன்றும் இருக்கிறது. கேபசைட்டபினைச் சாப்பிட்ட அரை மணி நேரத்துக்குள் போட வேண்டும், காலையும் ராத்திரியும். வெறும் வயிற்றில் போடும் மாத்திரை இல்லை அது. காலை ஏழு மணிக்கு அவர் வாயில் இறங்குவது வர்க்கியும் டீயும் மட்டும்தான் என்றால், அன்றைக்கு மருந்தைத் தாங்கிப் பிடிப்பதே அந்த வர்க்கிதான்.

வர்க்கியில் இல்லாதது புரதம். 52 கிலோ ஆளுக்கு, கிலோவுக்கு ஒன்றிலிருந்து ஒன்றரை கிராம் என்று வைத்தால், ஒரு நாளைக்கு 52 முதல் 78 கிராம் வேண்டும். முட்டை ஒன்று 6 கிராம். ஒரு டம்ளர் பாலும் கிட்டத்தட்ட அவ்வளவுதான். டீ இங்கேதான் உதவும். தண்ணீர் சேர்க்காமல் முழுப் பாலில் டீ போடுங்கள், இரண்டு ஸ்பூன் பால் பவுடரையும் கரைத்துவிடுங்கள். நிறம் கொஞ்சம் வெளுக்கும், ருசி கெடாது. நாளைக்கு மூன்று டீ குடிப்பவர் என்றால் அந்த வழியிலேயே 20 கிராமுக்கு மேல் உள்ளே போய்விடும். ஆனால் இதை அவரிடம் சொல்லிவிட்டுச் செய்யுங்கள். “அப்பா, டீயில பால் பவுடர் கலக்கறேன், கெட்டியா இருக்கும், புடிக்கலைன்னா சொல்லுங்க.” ஒளித்துக் கலந்து ஒரு நாள் கண்டுபிடித்தார் என்றால், டீயும் போச்சு. அதன் பிறகு எதைக் கொடுத்தாலும் மோந்து பார்ப்பார். இரும்புச்சத்து மாத்திரை தந்திருந்தால் மட்டும் டீக்கும் அதற்கும் ஒரு மணி நேரமாவது இடைவெளி விடுங்கள். இரும்பு உடம்பில் சேர டீ விடாது.

இனி, ஏன் வர்க்கி, ஏன் ரசஞ்சாதம் என்பது. “நாக்கு செத்துப்போச்சு” என்று நம்மவர்கள் சொல்வது சரியான வார்த்தை. கீமோ, வேகமாகப் பெருகும் செல்களை அடிக்கும். நாக்கின் சுவை மொட்டும் வாயின் உள்தோலும் அந்த ரகம்தான். இனிப்பு தெரியாது, கறி கசக்கும், தண்ணீர் துருப்பிடித்த பைப்பில் வந்ததுபோல இருக்கும். அந்த நேரத்தில் புதுச் சாமான் எதைக் கொடுத்தாலும் நாக்குக்கு அது அந்நியம். சாக்லேட் வாசனை போட்ட பவுடர் அப்படித்தான். அறுபது வருஷமாகத் தெரிந்த ருசியென்றால், நாக்கு பாதி சொன்னாலும் மீதியை ஞாபகம் சொல்லிவிடும். ரசம் அப்படி. பேக்கரிக் கதவைத் திறந்ததும் வருகிற அந்த விறகடுப்பு வாசனையோடு வர்க்கியும் அப்படி.

இதை நான் புஸ்தகத்தில் படிக்கவில்லை. என் மாமியாரிடம் படித்தேன். அவருக்குக் கர்ப்பப்பை வாயில் வந்தது. நான் அப்போது வார்டில் வேலை பார்த்த, எல்லாம் தெரியும் என்ற திமிர் பிடித்த மருமகள். டம்ளரில் அளவு குறித்து மணிக்கு மணி ஊட்டுவேன். அவர் கேட்டது ராகிக் கூழ். நான் கொடுத்தது முட்டை அடித்த பால், பருப்பு மசியல், டப்பா பவுடர். மறுக்காமல் வாங்கிக்கொள்வார். இப்படி ஊட்டியும் எடை ஏன் இறங்குகிறது என்று எனக்குப் புரியவே இல்லை. ஒரு நாள் கம்பளியை வெயிலில் போட எடுத்தபோது தலையணைக்கு அடியில் நாலைந்து பழைய துணித் துண்டுகள், மடித்து மடித்து. உள்ளே காய்ந்துபோன பருப்பு மசியல். வாயில் வாங்கிக் கன்னத்தில் ஒதுக்கி வைத்துக்கொண்டு, நான் அந்தப் பக்கம் போனதும் துப்பியிருக்கிறார். ஏன் அத்தை என்று கேட்டேன். “நீ ஆசையா ஊட்டுற, வேண்டாம்னு சொல்ல மனசு வரல” என்றார். அன்றைக்குச் சாயங்காலம் ராகிக் கூழ் காய்ச்சினேன். அரை டம்ளர் குடித்தார். அந்த அரை டம்ளர் உள்ளேயே தங்கியது.

உங்கள் அப்பா நேரே வர்க்கி வேண்டும் என்று கேட்கிறார். அதிர்ஷ்டக்காரர் நீங்கள்.

ஆஸ்பத்திரியில் ஒரு தாள் கொடுத்திருப்பார்களே, “உணவை ஆறவைத்துக் கொடுக்கவும், சூடான உணவின் வாசனை குமட்டலைத் தூண்டும்” என்று. சமவெளிக்குச் சரியான யோசனை. கோத்தகிரிக்கு அப்படியே எடுத்துக்கொள்ளாதீர்கள். ஆக்ஸாலிபிளாட்டினுக்கு ஒரு குணம் உண்டு: ஏற்றிய பிறகு சில நாட்களுக்குக் குளிர்ச்சி பட்டால் விரல் மின்சாரம் பட்ட மாதிரி விறுவிறுக்கும், குளிர்ந்தது தொண்டையில் பட்டால் மூச்சே அடைபடுவது போலத் தோன்றும். உண்மையில் மூச்சு அடைபடாது. ஆனால் அந்தப் பயத்தில் தண்ணீரையே நிறுத்திவிடுவார்கள். கோவையில் “ஆறிய” சாதம் என்றால் முப்பது டிகிரி. நம் சமையல்கட்டில் மார்கழிக் காலையில் ஆறிய சாதம் ஐஸ்பெட்டியிலிருந்து எடுத்ததுக்குச் சமம். குழாய்த் தண்ணீர் அதைவிட மோசம். ஸ்டீல் ஸ்பூன்கூட அவர் விரலுக்குத் தாங்காது, வாயில் வைத்தால் இரும்பு ருசி வேறு. மரக் கரண்டியோ பீங்கான் ஸ்பூனோ கொடுங்கள். குடிக்கிற தண்ணீர், வாய் கொப்பளிக்கிற தண்ணீர், கை கழுவுகிற தண்ணீர் மூன்றும் வெதுவெதுப்பாக இருக்கட்டும்.

வாசனைக்கு வேறு வழி பாருங்கள். குளிருக்குப் பயந்து நாம் கதவு ஜன்னல் எல்லாவற்றையும் சாத்தியே வைத்திருக்கிறோம். காலையில் தாளித்த வெங்காயம் ராத்திரி வரைக்கும் கம்பளியில் ஒட்டிக்கொண்டிருக்கும். தாளிப்பை, அவர் வெயிலில் உட்கார வெளியே போகிற நேரத்தில் முடித்துக்கொள்ளுங்கள். என் பிறந்த வீடு பழனி மலையில், பண்ணைக்காடு. யாருக்கு உடம்பு சரியில்லை என்றாலும் கொடைக்கானல் மலைப்பூண்டு ஒரு பையில் வந்துவிடும். 2019-ல் புவிசார் குறியீடு வாங்கிய பூண்டு அது, காரமும் வாசனையும் அந்த அளவுக்கு. குமட்டல் இருக்கிற வாரத்தில் அதை வதக்கக்கூடாது. பாலிலோ கஞ்சியிலோ முழுசாகப் போட்டு வேகவைத்தால் காரம் அடங்கி வெண்ணெய் மாதிரி ஆகிவிடும்.

கஞ்சியைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன், ரசஞ்சாதம் இறங்குகிறவருக்குக் கஞ்சியும் இறங்கும். கோத்தகிரி ஏறக்குறைய 1,800 மீட்டர் உயரம். இங்கே தண்ணீர் 94 டிகிரியிலேயே கொதித்துவிடும், ஊட்டியில் இன்னும் ஒன்றரை டிகிரி குறைவு. அதனால்தான் கீழே இருந்து வரும் சொந்தக்காரர்கள் வைக்கிற சாதம் இங்கே விறைப்பாக நிற்கிறது. திறந்த சட்டியில் காய்ச்சினால் அரிசி பூத்த மாதிரி தெரியும், நடுவில் ஒரு விதை இருக்கும். புண்ணான வாய்க்கு அந்த விதை மணல். குக்கர்தான் சரி.

ஒரு சிறு பிடி நொய், முப்பது கிராம் இருக்கட்டும். அதற்குப் பாதி அளவு பாசிப்பருப்பு, நிறம் மாறாமல் வாசனை வரும்வரை வறுத்தது. இரண்டு டம்ளர் தண்ணீர், அரை ஸ்பூன் சீரகம். மேரக்காய் (சௌசௌ) கிடைத்தால் ஒரு துண்டைத் தோல் சீவித் துருவிப் போடுங்கள். அதற்கென்று வாசனையே கிடையாது, வெந்தால் இருக்கிற இடம் தெரியாது. ஆறு விசில். ஆவி அடங்கியதும் கரண்டிப் பின்புறத்தால் மசித்து, உப்பு போட்டு, ஒரு டீஸ்பூன் நெய். நெய் மட்டும் 45 கலோரி. எல்லாம் சேர்த்து 200 கலோரி, புரதம் ஐந்தரை கிராம் கிட்டத்தட்ட. பருப்பும் நெய்யும் இல்லாத வெறும் நொய்க்கஞ்சியில் பாதிதான் தேறும். அதையே வாரக்கணக்கில் கொடுத்துவிட்டு “கஞ்சி குடிக்கிறாரே” என்று நிம்மதியாக இருந்த வீடுகளைப் பார்த்திருக்கிறேன்.

பெரிய கிண்ணத்தில் ஊற்றாதீர்கள். நம் குளிரில் அஞ்சு நிமிஷத்தில் மேலே ஏடு கட்டிவிடும், அந்த ஏட்டைப் பார்த்ததும் குமட்டும். சூடான கஞ்சியை ஃபிளாஸ்க்கில் ஊற்றி வைத்து, காபி டம்ளரில் கால் டம்ளர், கால் டம்ளராகக் கொடுங்கள். முடித்தால் இன்னொரு கால். முழுக் கிண்ணத்தைப் பார்த்தாலே களைத்துப்போகிறவர், கால் டம்ளரை முடித்துவிட்டுக் காலி டம்ளரை நீட்டும்போது முகத்தில் ஒரு தெளிவு வரும். மிச்சத்தை வெதுவெதுப்பில் மணிக்கணக்காக வைத்திருந்து கொடுக்காதீர்கள், சாதத்தில் கிருமி சீக்கிரம் வளரும். குமட்டல் மாத்திரையைச் சாப்பாட்டுக்கு அரை மணி நேரம் முன்னால் கொடுங்கள். நிறைய வீடுகளில் வாந்தி வந்த பிறகுதான் தேடுகிறார்கள்.

வாயில் புண் இருந்தால் ரசத்தில் புளி, மிளகு, தக்காளி மூன்றையும் பாதியாகக் குறையுங்கள். மரத்தக்காளி வேண்டவே வேண்டாம். ஒரு லிட்டர் வெந்நீரில் ஒரு டீஸ்பூன் உப்பு, ஒரு டீஸ்பூன் ஆப்பச்சோடா கலந்து, வெதுவெதுப்பானதும் நாலைந்து முறை கொப்பளிக்கட்டும். புண் இல்லாத நாட்களில் புளிப்பு நல்லது, செத்த நாக்கைக் கொஞ்சம் தட்டி எழுப்பும்.

கேட்டதையெல்லாம் கொடுக்கலாமா என்றால், இல்லை. மருந்து ஏற்றிய ஏழாம் நாளிலிருந்து பதினாலாம் நாள் வரை வெள்ளையணு இறங்கும் காலம். அப்போது பழைய சோறு, காய்ச்சாத பால், புளித்த தயிர், கடை ஜூஸ், வேகவைக்காத காய்கறி, அரைவேக்காட்டு முட்டை எதுவும் கூடாது. (இங்கே குளிருக்குப் பழைய சோறு சரியாகப் புளிப்பதுகூட இல்லை, இட்லி மாவுக்கே கம்பளி போர்த்துகிறோம்.) வர்க்கியையும் அன்றன்று சுட்டதாக வாங்கி டின்னில் மூடி வையுங்கள். வாந்திக்காகக் கொடுக்கும் டெக்ஸாமெதசோன் சர்க்கரையை ஏற்றும். அவருக்குச் சர்க்கரை நோய் இருந்தால் டீயில் எத்தனை ஸ்பூன் என்பதை டாக்டரிடம் கேட்டுத்தான் வைக்க வேண்டும். கேபசைட்டபினால் பேதி பிடித்தால் அன்றைக்குப் பாலையும் நெய்யையும் வர்க்கியையும் நிறுத்திவிட்டு உப்புக் கஞ்சி, மலைவாழைப்பழம். வழக்கத்தைவிட நாலு தடவைக்கு மேல் போனாலோ, காய்ச்சல் வந்தாலோ, விடியட்டும் என்று காத்திருக்காமல் போன் போடுங்கள். ஆறு கிலோ குறைந்ததையும் வாயைத் திறந்து சொல்லுங்கள். மருந்தின் அளவே எடையையும் உயரத்தையும் வைத்துத்தான் போடுகிறார்கள்.

வேறு நோய்க்காரர் வீட்டிலும் இதைப் படிப்பார்கள் என்பதால் ஒன்று. சிறுநீரகம் பழுதானவருக்கு நம் ஊர் உருளைக்கிழங்கும் பீட்ரூட்டும் பொட்டாசியம் மூட்டை. அவர்களுக்குக் கணக்கே வேறு. பக்கவாதம் வந்தவருக்குத் தண்ணீரும் டீயும்தான் புரையேறும், கெட்டிக் கஞ்சி இல்லை. உணவுக்குழாயில் கட்டியோ குழாயோ இருந்தால் நனைத்த வர்க்கியும் அடைத்துக்கொள்ளும்.

சர்க்கரை தின்றால் புற்று வளரும் என்பது வாட்ஸ்அப் வைத்தியம். சர்க்கரையை நிறுத்தினால் இளைப்பது அப்பாதான். முள்சீத்தாப்பழம் புற்றைக் குணமாக்கும் என்பதும் அப்படியே, மனிதர்களுக்குக் குணமானதாக நிரூபணம் இல்லை.

கோவைக்குப் போகும் நாளைப் பற்றி நீங்கள் கேட்கவில்லை. ஆனால் எடை இறங்குவதில் அதற்கும் பங்கு உண்டு. மேட்டுப்பாளையம் வரை 33 கிலோமீட்டர் வளைவு. திரும்பி வரும்போது, மலை ஏறும் முன் மேட்டுப்பாளையத்தில் வயிறு நிறைய இட்லி சாப்பிட வைப்பார்கள், பாதி வழியில் எல்லாம் வெளியே வந்துவிடும். அன்றிலிருந்து அவருக்கு இட்லியே பிடிக்காமல் போகும். கீமோ அன்றைக்குச் சாப்பிட்டு வாந்தி எடுத்த பண்டத்தை மனசு மாசக்கணக்கில் மன்னிக்காது. அதனால் அன்றைக்கு வர்க்கியைக் கையில் கொடுக்காதீர்கள், அதுவும் பிடிக்காமல் போய்விடும். உப்பு பிஸ்கட் இரண்டு, வெந்நீர், முன் சீட்டு போதும்.

நான் போன வீடுகளில் ஒவ்வொருவர் கேட்டதும் ஒவ்வொன்று. இலங்கையிலிருந்து சாஸ்திரி ஒப்பந்தத்தில் திரும்பி வந்து டேன்டீ என்கிற அரசுத் தேயிலைத் தோட்டத்தில் கொழுந்து எடுத்த ஒரு பாட்டி தேங்காய் ரொட்டியும் சம்பலும் கேட்டார், பால் ஊற்றாத பிளேன்டீயோடு. படுகர் வீட்டுப் பெரியவர் ஒருவருக்கு ராகி இட்டும் (களி) அவரை உதக்கவும் (குழம்பு). அவர் கடைசிக் கட்டத்தில் இருந்தார், விழுங்கவே முடியவில்லை. மகள் இட்டு கிண்டி, பக்கத்தில் கொண்டுவந்து வைத்தார். அவர் கையை அதன் மேல் சூட்டுக்காக வைத்துக்கொண்டு ஐந்து நிமிஷம் இருந்தார். நாங்கள் பஞ்சை நனைத்து உதட்டை மட்டும் ஈரமாக்கினோம். அந்தக் கட்டத்தில் பசி நின்றுபோவதும் நோயின் போக்குதான். “பட்டினி போட்டுக் கொல்றோமா சிஸ்டர்” என்று அழுகிற பிள்ளைகளிடம் இதைத் திரும்பத் திரும்பச் சொல்லியிருக்கிறேன். ஊட்டினால் புரையேறிச் சளி கட்டும், அவ்வளவுதான் மிஞ்சும். மக்களைத் தேடி மருத்துவம் என்கிற அரசுத் திட்டத்தில் வீட்டுக்கே நர்ஸ் வருகிறார்கள், 2021-லிருந்து. அந்த மாதிரி வீடுகளில் தயங்காமல் கூப்பிடுங்கள்.

உங்கள் அப்பா அந்தக் கட்டத்தில் இல்லை. குணமாக்கத்தான் மருந்து ஏறுகிறது. ஆகவே காலை ஏழுக்கு டீயும் வர்க்கியும், பத்துக்கு அரை டம்ளர் கஞ்சி, மதியம் ரசஞ்சாதம் இரண்டே வாய், அதில் நன்றாக வெந்த முட்டை ஒன்றை மசித்து. பிடிக்கவில்லை என்றால் முட்டையை விடுங்கள், நாளைக்குப் பார்க்கலாம். சாயங்காலம் மறுபடி டீ. எத்தனை வாய் என்று எண்ணிக்கொண்டு யாரும் எதிரில் உட்கார வேண்டாம். உங்கள் டம்ளரையும் எடுத்துக்கொண்டு பக்கத்தில் உட்காருங்கள், மழையைப் பற்றியோ கொழுந்து விலையைப் பற்றியோ பேசுங்கள்.

கேபசைட்டபினால் உள்ளங்கை தோலுரிந்து எரியும், சூடு தாங்காது. டம்ளரில் ஒரு துணியைச் சுற்றிக் கொடுங்கள். வர்க்கியை மட்டும் நீங்கள் நனைத்து ஊட்டாதீர்கள். எவ்வளவு நேரம் ஊறினால் உடையாமல் வாய்க்கு வரும் என்பது அவருக்குத்தான் தெரியும்.